மொட்டை மாடி மேய்ச்சல்

ராயபுரம் பத்தாம் பிளாக்கின் மொட்டை மாடிக்கு எருமை ஏறிய விஷயத்தில், எருமையின் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூப்பிட்டார்கள், போயிற்று. அரசாங்கக் காரியத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் செய்துவிடுவதில்லை.

ஆரம்பம் கஸ்பார் கொடுத்த மனு. கஸ்பார் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் வைப்பது தொழில். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தோரம் குடிசை போட்டிருந்தான். ஒரு ஐப்பசி மழையில் குடிசை போயிற்று. அரசாங்கம் மனம் இரங்கிப் பத்தாம் பிளாக்கின் நான்காவது மாடியில் ஒரு வீடு கொடுத்தது. தற்காலிக ஒதுக்கீடுதான். ஆனால் வீட்டுக்குக் கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. கஸ்பாரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வந்த புதிதில் அந்தத் தாழ்ப்பாளைச் சும்மாவே போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் குறை ஒன்றுதான். தலைக்கு மேலே மொட்டை மாடி. மழை பெய்தால் ஒழுகும், வெயில் அடித்தால் கொதிக்கும். கஸ்பார், கூரையைச் சரிசெய்து தரும்படி மனுப் போட்டான்.

மனு போய்ச் சேர்ந்த சமயம், அதைப் படிக்க வேண்டிய பெரிய அதிகாரி அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். போனது சாக்கடைக் குழாய்களைப் பற்றிய மாநாட்டுக்கு. பார்த்துவிட்டு வந்தது புல். ஒரு மாதத்துக்குள் 'கூரைப் புல்வெளி இயக்ககம்' என்று ஒன்று பிறந்தது. அவரே அதற்கு இயக்குநர். ஒழுகும் கூரை தேவை என்று தேடியபோது, கையில் தயாராக ஒரு மனு இருந்தது.

இயக்குநர் பத்தாம் பிளாக் மொட்டை மாடிக்கு நேரில் வந்தார். ஒலிபெருக்கியும் வந்தது. துறைமுகத்தின் நிலக்கரித் தூசி படிந்த கைப்பிடிச் சுவரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதைத் தொடாமல் நின்று பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! அமெரிக்காவின் நடு வயிற்றில் கடல்போலப் புல்வெளி கிடக்கிறது. அங்கே ஒருவர் அந்த மண்ணின் புல்லையே தம் வீட்டுக் கூரைமேல் வளர்த்திருக்கிறார். வீடு ஜில்லென்றிருக்கிறது. நான் கேட்கிறேன், அவருடைய புல்லுக்கு உள்ள தன்மானம் நம் புல்லுக்கு இல்லையா? நம் கூரையில் நம் புல்! அந்நியப் புல் ஒன்றுகூட இங்கே கால் வைக்காது! ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று மனுப் போடுகிறீர்கள். ஒழுகுகிற நீரை வீணாக்கலாமா? அதைக் குடிக்க மேலே ஒரு வாய் வேண்டாமா? அந்த வாய்தான் புல்!"

கைதட்டல் ஓய்ந்ததும் கஸ்பார் மெல்ல முன்னே வந்தான். "சார், விரிசல்ல கொஞ்சம் தாரு ஊத்தினாலே போதும் சார்."

இயக்குநர் அவனைக் கனிவோடு பார்த்தார். "தம்பி, தாரைப் பற்றி யாராவது என்னை வெளிநாட்டில் பேசக் கூப்பிடுவார்களா?"



வேலை தொடங்கியது. முதலில் செங்கல் ஜல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு மண். தண்ணீர் கசியாமல் அடியில் தார் பூச வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. அது அடியில் வருகிற வேலை என்பதாலும், மேலே மண் வந்தபின் யாருக்கும் தெரியாது என்பதாலும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது புல். பிளாக்குக்குப் பின்னால், ரயில்வே மதில் வரைக்கும் ஒரு காலி மனை கிடந்தது. அதில் அருகு, கோரை, ஊசிப்புல், தும்பை, நெருஞ்சி என்று கேட்பாரற்று வளர்ந்திருந்தது. ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஜீனத் இருந்தாள். புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஒரு எருமை. அது அந்த மனையில் மேயும். அவள் கறந்து பத்தாம் பிளாக் முழுக்கப் பால் ஊற்றுவாள். அவளுடைய மாதமும் வருஷமும் அந்த எருமையின் மடியில்தான் இருந்தன.

பின்னால் இருக்கும் புல்லையே எடுக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு இயக்குநர் சிரித்தார். "அது சும்மா முளைத்த புல். நமக்கு வேண்டியது தேர்ந்தெடுக்கப்பட்ட புல்." பொன்னேரிக்கு அப்பாலிருந்து புல் கொண்டுவரக் காண்டிராக்டர் அமர்த்தப்பட்டார். காண்டிராக்டர் பின்மனைப் புல்லை வேரோடும் மண்ணோடும் சுரண்டி லாரியில் ஏற்றினார். லாரி எண்ணூர் வரைக்கும் போய், அங்கே டிரைவர் டீ குடித்தபின் திரும்பி வந்தது. இயக்குநர் ஒரு கைப்பிடியை எடுத்து முகர்ந்து பார்த்து, "இதுதான் புல்!" என்றார். பின்மனை வழுக்கைத் தலைபோல் ஆயிற்று. ஜீனத்தின் எருமை மதிலோரம் நின்று சினிமா போஸ்டர் தின்னத் தொடங்கியது.

மேலே புல்வெளி வந்ததும் அதற்குக் காவல் வேண்டியிருந்தது. இயக்ககத்தின் ஓவர்சியர் ஸ்டானிஸ்லாஸ் ராயபுரத்துக்காரர். மாதா கோயிலில் கஸ்பாருக்கு முன்வரிசையில் மண்டியிடுகிறவர். இயக்குநரிடம் ஒரு தமிழும் கஸ்பாரிடம் ஒரு தமிழும் பேசுவார்.

"டேய் கஸ்பாரு, மனு குட்த்தவன் நீதான். அதனால 'கூரைத் தோழர்' பதவி உனுக்குத்தான். சம்பளம் கெடையாது. பேட்ஜு கீது, விசில் கீது, சாவியும் கீது."

"எனுக்கு வாணாம்ணே. துறைமுகத்துக்குப் போறதுக்கே நேரம் செரியா கீது."

"வாணாம்னு சொல்லலாம். உன்னோட வூட்டு ஆர்டரு தற்காலிகம்னு போட்டுகீது. அதையும் ஞாபகம் வச்சிக்கினு சொல்லு."

கஸ்பார் பேட்ஜைக் குத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து பத்தாம் பிளாக் பெண்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியவில்லை. கருவாடு காய வைக்க முடியவில்லை. யாராவது கதவைத் தாண்டினால் கஸ்பார் விசில் ஊதவேண்டும். கப்பலில் எத்தனையோ டன்னை அந்தரத்தில் நிறுத்துகிறவன், இரண்டாம் மாடி சபீஹா நனைந்த புடவையோடு வந்து நின்றபோது விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றான். கடைசியில் மெதுவாக ஊதினான். குழந்தையைத் தூங்கப்பண்ணுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

"த்தூ, இதுக்கு நீ ஊதாமயே இருந்துருக்கலாம்ணே," என்று சொல்லிவிட்டு சபீஹா இறங்கிப் போனாள்.

சித்திரை வந்தது. புல் காய்ந்தது. நம் மண்ணின் புல்லுக்கு அது வழக்கம். வெயிலில் படுக்கும், மழையில் எழும். ஆனால் மாடிக்குப் போனபின் அது அரசாங்கப் புல். அரசாங்கப் புல் காய்ந்தால் யாராவது விளக்கம் எழுதவேண்டும். பத்தாம் பிளாக் வாசலில் பெஞ்சுகள் போட்டு ஆலோசனைக் கூட்டம் நடந்தது. இயக்குநர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தடித்த புத்தகத்தைத் திறந்தார்.

"புல்வெளியைப் பராமரிக்க இரண்டே வழிகள். ஒன்று, ஆண்டுக்கொரு முறை அதற்குத் தீ வைக்கவேண்டும். அல்லது, காட்டெருமைகளை மேயவிடவேண்டும். இங்கே குடியிருப்போர் யாருக்காவது தீ வைப்பதில் ஆட்சேபம் உண்டா?"

கஸ்பார் எழுந்தான். "நாங்கோ உள்ள இருக்கும்போது வப்பீங்களா சார், இல்லாதப்ப வப்பீங்களா?"

"நல்ல கேள்வி. மக்கள் ஈடுபாட்டோடு கலந்துகொள்கிறார்கள்," என்றார் இயக்குநர், மகிழ்ச்சியோடு.

தீயணைப்பு நிலையத்துக்கு ஆள் போனது. அணைப்பதுதான் எங்கள் வேலை, வைப்பதற்கு வேறு இலாகா இருந்தால் அங்கே கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். காட்டெருமைக்கு வனத்துறையைக் கேட்டார்கள். மாடிப்படி ஏறிப் பழகிய காட்டெருமை தற்போது கைவசம் இல்லை என்று பதில் வந்தது. இயக்குநர் மனம் தளரவில்லை. "காட்டு என்பதை எடுத்துவிடுவோம்," என்றார்.

மறுநாள் கோட்டையிலிருந்து செயலாளர் புல்வெளியைப் பார்வையிட வருவதாக இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் கஸ்பாரைத் தேடி வந்தார். கஸ்பார் ஜீனத்தைத் தேடிப் போனான்.

"அக்கா, ஒரு ஒதவி."

ஜீனத் எருமையின் கன்றுக்குட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லு நைனா. கொயந்தைக்குப் பாலு பத்தலியா?"

"பாலு இல்லக்கா. எருமை."

"எருமையா? இன்னாத்துக்கு?"

"மேல இட்டுகினு போவணும்."

"மேலன்னா?"

கஸ்பார் கையைத் தூக்கிக் காட்டினான். ஜீனத் அவன் விரல் காட்டிய திசையில் பார்த்தாள். அங்கே வானம் இருந்தது.

"இன்னா நைனா, காலங்காத்தாலயே ஊத்திகினு வந்துகிறியா?"

"மாதா சத்தியமா இல்லக்கா. நாளிக்கு பெரிய ஆபீசரு வர்றாரு. எருமை மேயறத அவரு பாக்கணுமாம். ஒரு நாளுதான். சாய்ங்காலம் எறக்கிடுவேன்."

"அது மேஞ்ச புல்ல வாரிகினு பூட்டீங்கோ. இப்ப மாட்ட கேக்குறீங்கோ. அப்பால என்னியயும் மேல இட்டுகினு போய் நட்டு வப்பீங்களா?"

கஸ்பார் கன்றின் கயிற்றை அவளிடமிருந்து வாங்கித் தானே கட்டினான்.

"செரி, எறங்கலேன்னா?" என்றாள்.

"நான் எறக்கறேன். கப்பல்லேர்ந்து ரேஸ் குதிரைய வயித்துல வார் போட்டு எறக்குறவன்க்கா நானு. உன் எருமைய எறக்க மாட்டேனா?"

ஜீனத் எருமையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அதன் விலா எலும்புகள் தெரியத் தொடங்கியிருந்தன.

"காஞ்ச புல்லோ பச்ச புல்லோ, அதோட புல்லு. துன்னட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ நைனா. சர்க்காருக்கு நான் குடுக்கல. உன் வார்த்தைக்குத்தான் குடுக்கறேன்."

எருமை படியேறிய காட்சியை ராயபுரம் நெடுநாள் பேசிற்று. முன்னால் கஸ்பார் பிண்ணாக்குக் கூடையோடு பின்பக்கமாக ஏறினான். பின்னால் ஜீனத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். நடுவில் படிக்கட்டு முழுவதும் எருமை.

"இன்னாடா, இதுக்கும் வூடு அலாட்மென்ட் ஆயிடிச்சா?" என்றது முதல் மாடி.

"வயி வுடுங்கப்பா, பெரிய ஆபீசரு வர்றாரு!"

"ஆபீசரு இல்லடா, ஆபீசருன்னா லிஃப்ட்டு கேப்பாரு."

இரண்டாம் மாடியில் சபீஹா கதவில் சாய்ந்து நின்றாள். "கஸ்பாரண்ணே, நான் துணி காயப்போட வந்தா விசில் ஊதுனியே. இதுக்கு ஊதலியா?"

கஸ்பாருக்குக் காது சிவந்தது. கையில் கூடை இருந்ததால் காதை மறைக்கவும் வழியில்லை.

மறுநாள் செயலாளர் வரவில்லை. வேறொரு பாலத்தைப் பார்க்கப் போய்விட்டாராம். இன்னொரு நாள் வருவார், எந்த நாள் என்று தெரியாது என்றார்கள். ஆகையால் எருமை எந்த நாளும் மேய்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

ஆனாலும் கஸ்பார் அன்று மாலை எருமையைப் படிக்கட்டு வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தான். எருமை கீழே எட்டிப் பார்த்தது. படிகள் இறங்கி இறங்கி இருட்டுக்குள் போவதைக் கவனித்தது. பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் ஸ்டானிஸ்லாஸ் ஒரு பெயின்டரோடு வந்தார். எருமையின் வலது விலாவில் வெள்ளை எழுத்தில் 'கூ.பு.இ.' என்று எழுதப்பட்டது. கூரைப் புல்வெளி இயக்ககத்தில் நாற்காலி, மேஜை, மின்விசிறி எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

அதன்பின் ஜீனத் காலையும் மாலையும் நான்கு மாடி ஏறினாள். கஸ்பார் வீட்டு வாசலில் கூப்பிட்டுச் சாவி வாங்கிக்கொண்டு மேலே போவாள். முதலில் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு வருவாள், பிறகு தீவனம், பிறகு செம்பு. கஸ்பார் வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் குடத்தை அவளிடமிருந்து பிடுங்கித் தானே தூக்கினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எப்ப நைனா எறக்குவ?" என்று மட்டும் கேட்பாள். கஸ்பார் ஒவ்வொரு நாளும் "நாளிக்கிக்கா" என்றான். கன்று கீழே கட்டுத்தறியில் நின்று கத்தியது. மேலே தாய் கத்தியது. முட்டிக் குடிக்கப் பக்கத்தில் கன்று இல்லாத எருமை மடியை இறுக்கிக்கொண்டது. பால் குறைந்தது. பத்தாம் பிளாக்கில் பாதிப் பேர் வேறு பால்காரனைப் பார்த்துக்கொண்டார்கள். ஜீனத் அதைப் பற்றிக் கஸ்பாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இதற்கிடையே கஸ்பாரின் வீட்டுக்குள் ஒழுகத் தொடங்கியது. மழைக்காலம் அல்ல.

"ஐயோ கலீஜு!" என்று ஃப்ளோரன்ஸ் தொட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டாள். "மய ஒயுகினா மாதா குட்த்த தண்ணின்னு நெனச்சிக்கினேன். இத இன்னான்னு நெனச்சிக்கிறது? போய் கேளு உன் தோழரு ஆபீசுல!"

கஸ்பார் போய்க் கேட்டான். இயக்குநர் அவனை உட்காரச் சொல்லாமல், ஆனால் எழுந்து போகவும் சொல்லாமல், விளக்கினார்.

"திட்டத்துக்கு முன்பு உங்கள் வீட்டில் என்ன ஒழுகியது? வெறும் தண்ணீர். இப்போது என்ன ஒழுகுகிறது? உரம்! இதைத்தான் நாங்கள் வளர்ச்சி என்கிறோம். நீங்கள் குறை என்கிறீர்கள். பார்வையில்தான் இருக்கிறது, தம்பி."

"சார், எருமைய மட்டும் எறக்கிக் குட்த்துடுங்க சார். அது ஒரு பொம்பளையோட பொயப்பு சார்."

"எப்படி முடியும்? புத்தகம் மந்தை என்கிறது. நம்மிடம் இருப்பது ஒன்று. அந்த ஒன்றையும் இறக்கிவிட்டால் திட்டத்தில் மீதி என்ன இருக்கும்?" இயக்குநர் சற்று யோசித்தார். "நான் இருப்பேன். ஆனால் நான் மேய முடியாதே."

இதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கஸ்பார் துறைமுகத்து தோஸ்துகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கித்தான் வார், வடக்கயிறு, கப்பி, உத்தரக் கட்டை எல்லாம் வந்தன. கைப்பிடிச் சுவருக்கு வெளியே கட்டையை நீட்டிக் கப்பியை மாட்டினார்கள். எருமையின் வயிற்றுக்கடியில் வாரைக் கொடுத்து முடிச்சுப் போட்டார்கள். பத்தாம் பிளாக் முழுவதும் பின்மனையில் கூடிவிட்டது. கன்றைக் கட்டவிழ்த்து யாரோ பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜீனத் எருமையின் நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டு, "பயப்படாத கண்ணு, தம்பி கீறான்ல," என்றாள்.

பல நாளுக்குப் பிறகு அன்றுதான் கஸ்பார் நிமிர்ந்து நின்றான். "இஸ்துப் புடிங்கடா!" என்று அவன் வாயைத் திறந்தபோது, கீழே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

செயலாளர் வந்துவிட்டார். விடுமுறை நாளில், யாருக்கும் சொல்லாமல், இயக்குநரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார். மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். பின்னால் இயக்குநர், அவர் பின்னால் ஸ்டானிஸ்லாஸ். ஸ்டானிஸ்லாஸ் எருமையின் வயிற்றில் வாரைப் பார்த்தார், கப்பியைப் பார்த்தார், கஸ்பாரின் பக்கத்தில் வந்து வேர்வையைத் துடைப்பதுபோல் வாயை மறைத்துக்கொண்டார்.

"டேய், உன் ஆர்டரு வர்ற மாசம் நிரந்தரம் ஆவப்போவுது. கையெயுத்து இந்த ஆளுதான். ஃப்ளோரன்ஸ நெனச்சிக்கோ. தண்டவாளத்த நெனச்சிக்கோ."

செயலாளர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் கஸ்பார் பின்னால் அவரைத் திட்டி ஆறியிருக்கலாம். அவர் எருமையை நெடுநேரம் பார்த்தார். காய்ந்த புல்லைப் பார்த்தார். செம்போடு நிற்கும் ஜீனத்தைப் பார்த்தார். இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கஸ்பாரின் பேட்ஜைப் படித்து, அவனிடமே கேட்டார்.

"நீங்கள் சொல்லுங்கள். இது யாருடைய எருமை?"

 ஜீனத் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. பதில் தெரிந்த கேள்வியை யாரோ கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"திட்டத்தோடது சார்," என்றான் கஸ்பார்.

"யாரிடமிருந்தும் வாங்கி வந்ததில்லையே?"

"இல்ல சார்."

"இந்த அம்மா?"

"பாலு கறக்க வர்றவங்கோ சார். எனுக்கு அவ்ளோ பயக்கம் இல்ல."

காற்று கடலிலிருந்து வீசியது. தோஸ்துகளில் ஒருவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். செயலாளர் வயிற்றில் இருந்த வாரைக் காட்டி, "இது?" என்றார்.

இங்கே இயக்குநர் கைகொடுத்தார். "எருமை அளவுக்கு மீறி மேய்ந்துவிடாமல் இருக்க நாங்களே வடிவமைத்த கட்டுப்பாட்டுப் பட்டை, சார்." பிறகு அவரால் பொறுக்கமுடியவில்லை, ஒலிபெருக்கி இல்லாமலே பேசத் தொடங்கினார். "சிலர் கேட்கிறார்கள், இந்தத் திட்டத்தால் யாருக்குப் பயன் என்று. கஸ்பாரைப் பாருங்கள்! நேற்றுவரை தண்டவாளத்தோரம் கிடந்தவர். இன்று இவரிடம் சாவி இருக்கிறது, விசில் இருக்கிறது. ஒரு கேள்வி கேட்டால், எங்கள் அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்தவர் சொல்லும் பதிலைத் தயங்காமல் சொல்கிறார். புல் வளராமல் போகலாம், சார். இப்படிப்பட்ட மனிதர்களை வளர்த்திருக்கிறோமே!"

செயலாளர் தலையசைத்தார். இயக்குநர் தமக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றிக் கஸ்பாரின் கழுத்தில் போட்டார். பின்மனையில் கூடியிருந்தவர்களுக்கு மேலே நடந்தது எதுவும் கேட்கவில்லை. கஸ்பார் மாலையோடு சுவரோரம் தெரிந்ததும், எருமையை இறக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். "கஸ்பாரு மாமு வாய்க!" என்று ஒரு குரல் வந்தது.

கார்கள் போனபின் தோஸ்துகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவன்தான் கடைசியில் கேட்டான். "இன்னா மாமு? எறக்கலாமா?"

பதில் ஜீனத்திடமிருந்து வந்தது. "வாணாம்பா. சர்க்கார் எருமை. நீங்கோ எறக்கிட்டுப் பூடுவீங்கோ, போலீசு என் வூட்டாண்ட வரும்." அவளே குனிந்து, வாரின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு துறைமுகத்து முடிச்சு, அவிழ நேரமாயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. போக வேண்டியவன் மாலையைக் கழற்றத் தோன்றாமல் நின்றான்.

மறுநாள் காலை கஸ்பார் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கஸ்பார் திறந்தான். செம்போடு ஜீனத்.

"சார், உங்க எருமைக்குப் பாலு கறக்கணும். வுட்டா மடி கட்டிக்கும், பாவம். மேல சாவி குடுக்கறீங்களா?"

"அக்கா..." என்றான்.

"நேரமாவுது சார்."

உள்ளே ஃப்ளோரன்ஸ் அடுப்பை ஊதுவதை நிறுத்தியிருந்தாள். கஸ்பார் ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். ஜீனத் கையை நீட்டவில்லை.

"அங்க வச்சிடுங்க சார்."

கஸ்பார் குனிந்து சாவியை நிலைப்படியில் வைத்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு படியேறினாள். மாடிக் கதவு திறந்ததும் எருமை அவளைக் கண்டு கத்தியது. கீழே பின்மனையிலிருந்து கன்று பதிலுக்குக் கத்தியது. கஸ்பார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். இரண்டு சத்தமும் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தன.